காயத்ரி நட்ட கழி

பள்ளிப்பட்டுப் பக்கம் நெல் வயல்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் காயத்ரி. கல்யாணம் ஆகும்வரை தண்ணீர் என்றால் அவளுக்கு வாய்க்காலும் ஏரியும்தான். ஒன்பது வயதில் பக்கத்து வீட்டு டி.வி.யில் சுனாமியைப் பார்த்தாள். அன்றைக்குப் பிடித்த பயம், இருபது வருஷமாகியும் இறங்கவில்லை. தலையெழுத்தைப் பாருங்கள், மாப்பிள்ளை அன்புசெல்வனுக்குக் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர் வேலை. குடித்தனம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில்.

மகள் இளமதி பிறந்ததும் பயம் இரண்டு பங்கானது. கதவோரம் எப்போதும் ஒரு பை தயாராக இருக்கும். அதில் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, டார்ச், குழந்தைக்கு ஒரு செட் துணி, பிஸ்கட். பிஸ்கட் நமுத்துப்போனால் உடனே புதிது மாற்றிவிடுவாள். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்ன பெரியவர்கள்கூட இவ்வளவு சிரத்தையாகப் போட்டிருக்க மாட்டார்கள்.

அப்படியும் மனசு அடங்கவில்லை. கடைசியில் அவளுடைய அப்பா, அதாவது நைனா, ஊரில் செய்வதைச் செய்தாள். கழனிக்குத் தண்ணீர் கட்டும்போது நைனா மடையோரம் ஒரு குச்சி நட்டு வைப்பார். தண்ணீர் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று அந்தக் குச்சி சொல்லிவிடும். கடலும் தண்ணீர்தானே என்று நினைத்துவிட்டாள் இந்தக் கழனிக்காரி. அலை அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டிய இடத்துக்குக் கீழே, தண்ணீர் நிற்கும் மணலில் ஒரு சவுக்குக் கழியை ஆழமாக ஊன்றி, சிவப்புத் துணி கட்டினாள். தினம் காலையில் இளமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல் மேட்டில் நின்றபடியே பார்ப்பாள். கழியின் அடி தண்ணீரில் நின்றால் அன்றைய பிழைப்பைப் பார்க்கலாம். அடி காய்ந்திருந்தால் கடல் உள்வாங்கிவிட்டது, திரும்பிப் பார்க்காமல் மேற்கே ஓட வேண்டும். நாலு வயசுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக்கியிருந்தாள்.

பக்கத்து வீட்டு கிறிஸ்டினா மீன் விற்பவள். சுனாமியில் வீட்டையும் வலையையும் பறிகொடுத்தவள். அவளுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு.

"கடலு இன்னா உங்க நைனா ஊட்டுக் கழனியா? கொம்பு நட்டு அளந்துக்கினு கீறியே!"

"நீ சிரிப்பேக்கா. எனக்குத் தூக்கமே வர்ல."

"பயந்துக்கினே இருந்தா சோறு எறங்குமா? பேஜாரு புடிச்சவ நீ."

போன மாசம் காயத்ரிக்குக் கடுமையான காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. அன்புசெல்வன் நாஷ்டா வாங்கி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனான். இளமதியை அங்கன்வாடி வாசலில் விட்டுவிட்டு மீன் கூடையோடு போனாள் கிறிஸ்டினா. அன்றைக்குத்தான் கழியை யாரும் பார்க்கவில்லை. படுத்த இடத்தில் காயத்ரிக்கு அதே நினைப்பு.

பதினோரு மணிக்கு கிறிஸ்டினா மூச்சிரைக்க வந்தாள்.

"காயத்ரி, புள்ள இங்க வந்துச்சா? அங்கன்வாடில இல்லியாம். ஆயா கேட்டப்பதான் எனக்கே தெரியும்."

பிள்ளை எங்கே போயிருக்கும் என்று காயத்ரிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காய்ச்சல் உடம்போடு ஓடினாள். கல் மேட்டில் ஏறியதும் கால் அப்படியே நின்றுவிட்டது.

கடல் உள்ளே போயிருந்தது. கழி தண்ணீரில்லாமல் ஈர மணலில் நின்றது. அதன் பக்கத்தில், சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு இளமதி.

ஓடு, மேற்கே ஓடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது. இருபது வருஷமாகப் பழகிய பாடம் அது. பிள்ளை கிழக்கே நிற்கிறது. டி.வி.யில் பார்த்த அந்தக் கறுப்புத் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் எழும்பி நின்றது. பள்ளிப்பட்டு அம்மனைக் கூப்பிட்டாளா, நைனாவைக் கூப்பிட்டாளா, அவளுக்கே தெரியாது. கல்லில் முட்டி சிராய்க்க இறங்கி, கடலைப் பார்த்து ஓடினாள்.

இளமதி துணியை விடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"உனக்கு ஜொரம்ல, அதான் நான் பாத்தேன். தண்ணி இல்லம்மா. நீ வராம எப்டி ஓடறது?"

காயத்ரி பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடினாள். மேட்டில் கிறிஸ்டினா இருவரையும் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னாத்துக்கு ஓடறே? நேத்து பௌர்ணமி. நீ பாக்கற காலைல தண்ணி இருக்கும், இந்த நேரத்துக்கு வத்தம், உள்ள போவும். சாயங்காலம் தானா வந்துரும். கொம்பு நட்டவளுக்கு இது தெரியாதா?"

தெரியாது. கழனித் தண்ணீர் நிலாவைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. காயத்ரி அழுதாள். சுனாமி வரவில்லை, ஆனால் நாலு வயசுப் பிள்ளையைக் கடல் மணலில் தனியாகக் கொண்டுபோய் நிறுத்தியது தான் நட்ட கழிதான் என்பது அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாக அதைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் காலை இளமதி கண் விழித்ததுமே கேட்டாள்.

"கொம்பு பாத்தியாம்மா? தண்ணி கீதா?"

காயத்ரி வாசலைத் தாண்டவே இல்லை. பை கதவோரத்தில் அப்படியே இருந்தது.

"பாத்துட்டேன்டி கண்ணு. தண்ணி அங்கியேதான் கீது. நீ சாப்பிடு," என்றாள், குரல் நடுங்காமல்.