வலப்பக்கம் துடித்த நெஞ்சு

“புஸ்தகத்தப் பாத்து வயித்து வலியத் தீக்கப் போறாளாக்கும் எங்க வீட்டு டாக்டரு!” என்று அத்தை சிரித்தது 1962 புரட்டாசியில், சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன்.

பத்து வயதுத் தங்கை வயிற்று வலியில் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல், வாந்தி வேறு. அத்தை விளக்கெண்ணெயோடு வந்தார். குடல்வால் வீங்கியிருந்தால் பேதி மருந்து ஆபத்து என்று வகுப்பில் கேட்டிருந்ததால் குறுக்கே நின்றேன்.

“குடல்வாலு எந்தப் பக்கம்டி இருக்கு?”

“வலது பக்கம்.”

“இவளுக்கு நோகுறது இடது பக்கம்லா? தள்ளு அங்கிட்டு.”

தங்கையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அது பலகைபோல இறுகியிருந்தது. “ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து எண்ணெயக் குடுங்க, அம்புட்டுத்தான் கேக்கேன்” என்று அப்பாவிடம் அழுதேன். தீபாவளி சீசன். விருதுநகருக்குப் பட்டாசு லோடு ஏற்றிய லாரி ஒன்று கிடைத்தது. அப்பா அவளை மடியில் போட்டுக்கொண்டார்; நானும் கூடவே ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளுடைய இடது மார்பில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்து நெற்றியைச் சுருக்கினார். பிறகு வலது பக்கம் வைத்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது இதயம் வலப்பக்கம் தெரிந்தது.

“படத்தத் திருப்பிப் பிடிச்சிருக்கீக டாக்டரம்மா” என்றேன், படித்தவள் என்ற மிடுக்கில்.

அவர் சிரித்துவிட்டார். “படம் சரியாத்தாம்மா இருக்கு. உன் தங்கச்சிதான் உள்ளுக்குள்ள எல்லாம் இடம் மாறிப் பிறந்திருக்கா.”

கண்ணாடியில் தெரிவதுபோல இதயம், ஈரல், குடல்வால் எல்லாமே பக்கம் மாறி இருந்தன. இப்படி ஒருவரை அவரே அன்றுதான் முதலில் பார்க்கிறாராம். குழாயை என் காதிலும் வைத்தார். இத்தனை வருடம் என் பக்கத்தில் படுத்துத் தூங்கியவளின் நெஞ்சு வலப்பக்கம் துடித்துக்கொண்டிருந்தது. 

அன்றே ஆபரேஷன் நடந்தது. வெடிக்கும் நிலையில் இருந்த குடல்வாலை எடுத்தார்கள். விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்க மாட்டாள் என்றார்கள்.

மறுநாள் வந்த அத்தை அவளுடைய நெஞ்சில் கை வைத்து, “ஆத்தாடி, இங்கனயில்ல கெடந்து துடிக்குது!” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு நான் இப்போது மதுரையில் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். பாடத்தை நன்றாகவே படிக்கிறேன். ஆனால் புதிதாக ஒரு நோயாளி வந்தால், மார்பின் இரண்டு பக்கமும் கேட்ட பிறகுதான் குழாயைக் காதிலிருந்து எடுக்கிறேன்.