இஞ்சியை மட்டும் நம்பிய அண்ணி

என் அண்ணி ஞாயிற்றுக்கிழமைகளில் கேக் செய்து விற்பார். இஞ்சி கேக் மட்டும்தான். வெனிலா கேட்டால், "அது குழந்தைங்க சமாச்சாரம்" என்று முடித்துவிடுவார். மற்ற நாட்களில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலை. முதல் வாடிக்கையாளரும் அந்த மருத்துவர்தான். "பல் டாக்டர் கேக் வாங்கித் தர்றாருன்னா தொழில் தெரிஞ்சவர்னு அர்த்தம்" என்பார் அண்ணி.

இஞ்சி விஷயத்தில் கறார். கடையிலேயே இஞ்சியில் ஒரு விரலை ஒடித்துப் பார்ப்பார். 'டக்'கென்று முறிய வேண்டும். தோல் சீவக் கத்தி கூடாது, தேக்கரண்டியின் விளிம்பால் சுரண்ட வேண்டும். நாருக்குக் குறுக்கே துருவுவார். பிறகு ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுரீர் என்றதும் ஒரு தலையாட்டல். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், அதுவும் வேதியியல். அந்தத் தலையாட்டலை நுண்ணிய ரசனை என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு மருத்துவருக்கு நான்கு கேக் மாலை ஐந்து மணிக்குள் போக வேண்டும். கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கருகல் நெடி மூக்கைத் துளைத்தது. சமையலறைக்கு ஓடினேன். ஓவன் இடுக்கில் புகை நூலாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. அண்ணி அதற்கு முதுகைக் காட்டி நின்று, நிதானமாக இஞ்சி சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, கருகுது!"

"எது?"

ஓவனை அணைத்தேன். அவர் மணிக் கடிகாரத்தை எடுத்து உலுக்கினார். "பேட்டரி தீர்ந்துபோச்சு போல. மணியே அடிக்கலையே."

"மணி எதுக்கு அண்ணி? தெருமுனை வரைக்கும் நாறுதே!"

கரண்டி நின்றது. "எனக்கு நாறலை தம்பி. ரெண்டு வருஷமா ஒரு வாசமும் தெரியலை. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுலேருந்து."

இஞ்சி தின்ற குரங்கு மாதிரி விழித்தேன்.

"மத்த கேக்கெல்லாம் எனக்குப் பஞ்சு. இஞ்சி ஒண்ணுதான் நாக்குல குத்துது. அதை வச்சுத்தான் காலத்தை ஓட்டுறேன்."

காரம் வாசனையல்ல, ஒரு வகை எரிச்சல் உணர்வு என்று மூன்றாம் ஆண்டுத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்! என் கை தானாக கேஸ் குமிழைத் தொட்டுப் பார்த்தது. அதை அவர் கவனித்தார்.

"உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதே. கேஸ் கசிஞ்சா தெரியாதேன்னு சமையக்கட்டையே பூட்டிடுவார். எனக்குன்னு இருக்கறது இந்த ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான்."

அடுத்த மாவுக்காக வெளியே எடுத்து வைத்திருந்த வெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "ரொம்ப யோசிக்காதே, பட்டதாரி. மூக்கு சும்மாதானே இருக்கு, இதைப் பார்த்துச் சொல்லு."

முகர்ந்தேன். சிக்கடித்துக் கெட்டுப் போயிருந்தது.

என் முகமே சொல்லிவிட்டது. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போன வாரமும் இந்த டப்பாவுலதான் எடுத்தேன்," என்றார் மெல்ல. கையிலிருந்த இஞ்சித் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடித்தார். கண்ணில் நீர் வந்தது. காரத்தாலா என்று நான் கேட்கவில்லை.

பிறகு எழுந்து வெண்ணெயைக் குப்பையில் கொட்டினார்.

"ஓடு. புது வெண்ணெய், பேட்டரி, கேஸ் கசிஞ்சா கத்துமாமே ஒரு கருவி, அதுவும். போறதுக்கு முன்னாடி உங்க அண்ணனுக்குப் போன் போட்டுக் குடு. நானே சொல்றேன். கத்தட்டும்."

மணி ஒன்றரை. போன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணி அடுத்த இஞ்சியை ஒடித்தார்.