அளவு மேடம்

அவள் கேட்டது இயற்பியல், கிடைத்தது எலும்பு. சேர்க்கை மேசையில் இருந்த குமாஸ்தா, “மானிடவியல்ல உயிரியல் பிரிவுல இடம் இருக்கும்மா, எழுதட்டுமா?” என்று கேட்டபோது பின்னால் நின்ற வரிசை அவள் முதுகை முட்டிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டிவிட்டாள்.

“மனுஷ எலும்பைப் படிச்சு என்னம்மா பண்ணப் போற?” என்றார் அப்பா.

“தெரியலப்பா. சேந்துட்டேன்.”

முனைவர் பட்டம் வரை அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்த தொடை எலும்புகளோடுதான் காலம் போனது. கைக்குப் பழகிவிட்டது, மனசுக்குத்தான் பழகவில்லை. பெட்டியைத் திறந்தால் நேற்று வைத்த இடத்தில் அப்படியே கிடக்கும். சன்னல் பக்கம் போவாள், வருவாள், மறுபடி போவாள். “உன் காலுக்கு யாராவது சாவி கொடுத்து விட்டிருக்காங்களா?” என்று கூடப் படித்தவர்கள் கேலி செய்தார்கள். பட்டம் கைக்கு வந்த வாரமே துறைத்தலைவரிடம் போய், இனி உயிருள்ளவர்களைத்தான் அளக்கப்போவதாகச் சொன்னாள். வளரும் பிள்ளைகள். நாலு பள்ளிக்கூடங்கள். அதே பிள்ளைகளை வருஷா வருஷம், ஆறு வயதிலிருந்து பதினெட்டு வரை.

“பன்னிரண்டு வருஷமா? உங்க வேலையே தற்காலிகம்மா,” என்றார் துறைத்தலைவர்.

அது உண்மைதான். அதே துறையில் ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் விரிவுரையாளர் வேலை. ஒவ்வொரு கோடையிலும் கையெழுத்து வரும்வரை வீட்டில் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர் மட்டும் சிரிப்பார். “நம்ம கல்யாணத்தையும் இப்படி வருஷா வருஷம் புதுப்பிக்கணும்னு சொல்லிடாதே தாயே. எனக்கு வேற கடை தெரியாது.”

உயரம் அளக்கும் எஃகுக் கம்பியை இரண்டாகக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மாணவர்கள் இரண்டு பேரோடு பேருந்தில் போவாள். குதிகால் பலகையில் பதிய வேண்டும். கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே நேரில் நிற்க வேண்டும். பிள்ளைகள் மூச்சைப் பிடித்து எக்குவார்கள். “ஏமாத்தாதே ராஜா, வளர்றப்ப வளருவே,” என்று தோளை மெல்ல அமுக்குவாள். பிள்ளைகள் வைத்த பெயர்தான் அளவு மேடம். பல்கலைக்கழகத்துக்கும் அது பரவிவிட்டது.

ஆய்வின் ஆறாவது வருஷம், பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி பலகையில் ஏறினாள். பல்கலைக்கழக வாசலில் நகலெடுக்கும் கடை வைத்திருந்த அம்மாவின் ஒரே மகள். கம்பியில் நகரும் சட்டம் உச்சந்தலையில் வந்து நின்றது. போன வருஷம் நின்ற அதே கோடு. அதற்கு முந்தின வருஷத்துக்கும் இதற்கும் ஒரு நூல்தான் வித்தியாசம்.

ஒருவேளை மாலையில் அளந்ததால் இருக்குமோ? நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்பு அமுங்கி எல்லோருமே கொஞ்சம் குட்டையாவது வழக்கம். மறுநாள் காலை மணி அடிக்கும் முன்னே போய் மறுபடி அளந்தாள். கோடு நகரவில்லை. பெண்ணின் முகம் லேசாக ஊதியிருந்ததும், எல்லாரும் வியர்வையில் நனைந்த வெயிலில் அவள் மட்டும் ஸ்வெட்டர் போட்டிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டன.

விஷயத்தைக் கேட்ட துறைத்தலைவர் ஒரே பேச்சாகச் சொன்னார்: “நீங்க அளக்கிறவங்க. வைத்தியம் பாக்கிறவங்க இல்ல. போய்ச் சொன்னீங்கன்னா, இயற்கையா எப்படி வளருதுன்னு பாக்கிற ஆய்வு அதோட காலி. அடுத்த மாசம் நிரந்தர வேலைக்கு நேர்காணல் வேற இருக்கு. யோசிச்சுக்குங்க.”

யோசித்தாள். யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள், கழுவினதையே மறுபடி கழுவினாள். வகுப்பில் இடுப்பெலும்பைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று மாணவர்களையே கேட்டாள். கணவர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். “கிளம்பு. போய்ச் சொல்லிட்டு வா. நீ நடக்கிற நடையில இந்த வீட்டுத் தரை தேஞ்சு கீழ்வீட்டுக்காரர் தலையில விழப்போகுது.”

நகலெடுக்கும் கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வளரவில்லை என்று கேட்டதும் அந்த அம்மா சிரித்தார். “எங்க குடும்பமே குட்டைதான் மேடம். என்னைப் பாருங்களேன், ஸ்டூல் போட்டுத்தான் பேப்பரை எடுக்கிறேன்.”

“குட்டையா இருக்கிறது வேறங்க. நின்னுபோறது வேற. ரெண்டு வருஷமா வளரவே இல்லை. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.”

அந்த அம்மாவின் கை இயந்திரத்தை நிறுத்தியது. “ரெண்டு வருஷமாவா?”

“ஆமா.”

“வருஷா வருஷம் நீங்கதானே வந்து அளந்தீங்க? போன வருஷமே ஏன் சொல்லல?”

“ஒரு வருஷத்தை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுங்க…”

“எனக்கு அளக்கத் தெரியாது மேடம். உங்களுக்குத் தெரியுமில்ல?”

அந்த அம்மா அன்றே கடையைப் பூட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி ஏறக்குறைய தூங்கிப்போயிருப்பது தெரிந்தது. தினம் காலையில் ஒரு மாத்திரை. அவ்வளவுதான் மருந்து. அடுத்த வருஷத்துக்குள் பெண் விறுவிறுவென்று வளர்ந்து, பாவாடையெல்லாம் முழங்காலுக்கு ஏறிவிட்டது.

ஆனால் அதற்குள் நேர்காணல் வந்துபோயிருந்தது. குழுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார், “இது ஆய்வா, சமூக சேவையா?”

“எனக்கே சரியாத் தெரியலைங்க சார்,” என்றாள். மனதில் இருந்தது அதுதான். வேலை வேறொருவருக்குப் போனது.

செய்தி ஊருக்குள் பரவியதில் இன்னொரு தொல்லை. அளக்கும் நாளில் பள்ளிக்கூட வாசலில் அம்மாக்களின் கூட்டம். “என் பையன் சரியா வளர்றானா மேடம்?” “இவ அண்ணனை விட இவ ஏன் குறைச்சல்?” ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்தால் சொன்னது சரியா, பயமுறுத்திவிட்டோமா என்று உள்ளே அரிக்கும். பேருந்தில் எதிர் இருக்கைக் குழந்தையைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. கண் தானாகவே அளந்தது.

கடைசியில் ஆய்வின் போக்கையே மாற்றினாள். அளவைக் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டால், வீட்டில் சாப்பாடு, தூக்கம், வைத்தியம் எல்லாம் எப்படி மாறுகின்றன என்பதையும் சேர்த்தே பார்க்கத் தொடங்கினாள். துறைத்தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று கட்டுரையை ஏற்றது. இரண்டு வருஷம் கழித்து வந்த நேர்காணலில் நிரந்தர வேலையும் கிடைத்தது. அன்று கணவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, “இனிமேலாவது உக்காருவியா?” என்றார். “பாக்கலாம்,” என்று எழுந்து போனாள்.

பன்னிரண்டாவது வருஷக் கடைசி அளவுக்கு அந்தப் பெண்ணும் வந்தாள். இப்போது பதினெட்டு வயது. அம்மாவை விட உயரம். பலகை வரை வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை.

“எனக்கு வேண்டாம் மேடம். போதும்.”

“கடைசித் தடவைம்மா. ஒரே நிமிஷம்.”

“தெரியும். உங்களைப் பாத்தாலே எனக்கு இரத்தம் எடுத்த ஊசிதான் ஞாபகம் வருது. கோபம் இல்ல. இனிமே யாரும் என்னை அளக்க வேண்டாம், அவ்வளவுதான்.”

அந்த ஒரு எண் மேடத்துக்கு எவ்வளவு தேவை என்பது கூட நின்ற மாணவர்களுக்குத் தெரியும். மருந்துக்குப் பிறகு முழு உயரம் எட்டியதா என்ற கேள்விக்கு அதுதான் விடை. வாதாடினால் பெண் சம்மதிப்பாள் என்றும் தோன்றியது. கம்பியின் சட்டத்தை மேலே தள்ளிவிட்டாள்.

“சரி கண்ணு,” என்றாள். “அடுத்தது யாரு?”

அதன் பிறகு பல நாள் பதிவேட்டில் அந்தக் காலியிடம் அவளைக் குடைந்தது. ஒரு நாள் மதியம் பாடத்தாளை நகலெடுக்கக் கடைக்குப் போனாள். அம்மா சாப்பிடப் போயிருக்க, பெண்தான் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றிருந்தாள். கதவுச் சட்டத்தின் எந்த ஆணிக்கு நேராகத் தலை வருகிறது என்று மேடத்தின் கண் ஓடத் தொடங்கியது.

பெண் அதைப் பார்த்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சட்டென்று உட்கார்ந்தாள்.

“எத்தனை காப்பி மேடம்?”