நின்றால் அழியும் பெட்டி

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் ‘பொறுங்க’தான். பிரிண்டர் நின்றாலும், ரிப்போர்ட் வராவிட்டாலும், மேலாளரே வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல். பிறகு கறுப்புத் திரையில் இரண்டு வரி தட்டுவார். வேலை முடிந்திருக்கும்.

வயது நாற்பத்தெட்டு. முன்பு ஜெராக்ஸ் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். எதையும் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தால்தான் நம்புவார். கணினிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வீட்டிலும் அப்படித்தான். சமையலறைக் குழாயை ஒரு துணிக்கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியின் ஒரு கால் மடித்த அழைப்பிதழின் மேல் நிற்கிறது. “இந்த வீட்ல எல்லாமே தற்காலிகம், நான் ஒருத்திதான் நிரந்தரம்” என்று அவர் மனைவி கவுன்ட்டர் அக்காவிடம் ஒருமுறை சொன்னார். பக்கத்திலேயே நின்ற பொறுங்க அதை மறுக்கவில்லை.

எங்கள் நான்கு கிளைகளுக்கும் ரிப்போர்ட் அச்சிடும் மென்பொருள் ஒரு கன்டெய்னரில் ஓடுகிறது. கன்டெய்னர் என்றால், மென்பொருளையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாக அடைத்து ஓடவிட்ட பெட்டி. ஒரு செய்முறைக் கோப்பு இருக்கும். அதைப் பார்த்து அச்சு ஒன்றைக் கட்டுவார்கள். அந்த அச்சிலிருந்து எத்தனை பெட்டி வேண்டுமானாலும் எடுக்கலாம். ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் செய்முறையில் எழுதி, அச்சைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதற்கு நான்கு நிமிடம் ஆகும். ஓடுகிற பெட்டிக்குள் நேராக நுழைந்து மாற்ற நான்கு வினாடி போதும். ஆனால் அப்படி மாற்றியது அந்தப் பெட்டியோடு சரி. அடுத்த பெட்டிக்கு அது தெரியாது.

கவுன்ட்டரில் பத்துப் பேர் நிற்கும்போது நான்கு நிமிடம் என்பது நீண்ட நேரம். பொறுங்க உள்ளே நுழைந்தே மாற்றினார். செய்முறையில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தார். அப்படிப் பதினொரு மாதம் போயிற்று.

அந்த மாற்றங்களில் ஒன்று குழந்தைகளுக்கானது. மென்பொருள் வந்தபோது பெரியவர்களுக்கான அளவுகள் மட்டுமே அதில் இருந்தன. ஆரோக்கியமான இரண்டு வயதுக் குழந்தையின் ரிப்போர்ட்டில் பாதி எண்கள் சிவப்பில் வந்தன. தாய் கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பொறுங்க “பொறுங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் வயதுவாரியாக அளவுகளைப் போட்டார். எண்கள் கறுப்பாயின. அதற்குப் பிறகு யாரும் அப்படி அழவில்லை.

ஒரு வியாழக்கிழமை கட்டட வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். மின்மாற்றி மாற்றுவதால் மறுநாள் மதியம் இரண்டு முதல் நான்கு வரை மின்சாரம் இருக்காது. சர்வரின் பேட்டரி இருபது நிமிடம் தாங்கும்.

வெள்ளி காலை பத்து மணிக்குப் பொறுங்க தேநீர்க் கோப்பையோடு அமர்ந்து, அந்தப் பெட்டி எப்படித் தொடங்கப்பட்டது என்று பார்த்தார். பார்த்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அன்று முழுதும் அதை எடுக்கவில்லை.

பதினொரு மாதத்துக்கு முன் சோதனைக்காகத்தான் அந்தப் பெட்டியை ஓடவிட்டிருந்தார். சோதனைப் பெட்டிகள் பின்னால் குப்பையாகச் சேரக்கூடாது என்று, நின்றதும் தன்னை அழித்துக்கொள்ளும்படி தொடக்கக் கமாண்டில் ஒரு சிறு சொல்லையும் சேர்த்திருந்தார். சோதனை நன்றாக நடந்தது. அதனால் யாரும் அதை நிறுத்தவில்லை.

இரண்டு மணிக்கு மேல் அது நிற்கும். நின்றால் அழியும். நான்கு மணிக்குக் குழந்தைகளின் எண்கள் மறுபடி சிவப்பாக வரும்.

ஓடும் பெட்டியை அப்படியே படியெடுத்து அச்சாக்க ஒரு கமாண்ட் உண்டு. ஆனால் செய்முறையிலிருந்து கட்டாத அச்சை எங்கள் சர்வர் ஏற்காது. அந்தக் காவலை வைக்கச் சொன்னவர் மேலாளர். வைத்தவர் பொறுங்க. சாவி மேலாளரிடம் இருக்கிறது. கேட்டால் ஏன் என்று கேட்பார்.

அச்சுக்கும் பெட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று பட்டியலிடும் கமாண்டைத் தட்டினார். லட்சத்துக்கு மேல் வரிகள் ஓடின. பெரும்பாலும் ரிப்போர்ட்டுகளின் நகல்கள். அவற்றைக் கழித்தார். தற்காலிகக் கோப்புகளைக் கழித்தார். ஊர்ப் பெயர்களாக ஆயிரத்துச் சொச்சம் கோப்புகள் ஒரு மூலையில் கிடந்தன. எதோடோ ஒட்டிக்கொண்டு வந்த குப்பை என்று அவற்றையும் கழித்தார். மிச்சம் அறுபத்தொன்று.

நாற்பதை ஏன் மாற்றினோம் என்று அவருக்கு நினைவிருந்தது. இருபது தன் வேலைதான் என்று தெரிந்தது, காரணம் தெரியவில்லை. அறுபத்தொன்றாவது அவருடையதே அல்ல. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார்.

“சார், ரிப்போர்ட் அடியில கையெழுத்து வருதுல்ல, அந்த ஃபைல உள்ள போய் மாத்தியிருக்காங்க. துணை மேலாளர்னு இருந்தத மேலாளர்னு. நான் மாத்தல.”

மேலாளர் திரையைப் பார்த்தார். “தேதி தெரியுமா அதுல?”

“தெரியுது சார். உங்களுக்கு பதவி உயர்வு வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி.”

மேலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “நீங்க எத்தன மாத்தினீங்க?”

“அறுபது.”

“நான் ஒண்ணுதான்.”

“ஆமா சார்.”

“காவல எடுத்துவிட்டா?”

“அடுத்த வாரம் தணிக்கை சார். யாரு எடுத்தா, எதுக்குன்னு கேப்பாங்க.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே கால். “அப்ப ஒவ்வொண்ணா எழுதுங்க. என்னோடதையும் எழுதிடுங்க. இப்பதான் மேலாளர் ஆயிட்டேனே.”

பொறுங்க அறுபத்தொரு கோப்புகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் செய்முறையில் ஒரு வரி எழுதினார். ஒரு மணிக்கு மனைவி போன் செய்தார்.

“சாப்பாட்டு டப்பா மேச மேலயே இருக்கு.”

“பொறுங்க.”

“என்னையும் பொறுங்கங்கிறீங்களா?”

“சரி, பொறு.”

ஒன்று ஐம்பதுக்குப் புதிய அச்சு கட்டி முடிந்தது. அதிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து ஓரமாக ஓடவிட்டு, பழைய குழந்தை ரிப்போர்ட் ஒன்றை அதில் அச்சிட்டுப் பார்த்தார். எண்கள் கறுப்பு. பழைய பெட்டி மின்சாரத்தால் சாக வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்று ஐம்பத்தெட்டுக்குத் தன் கையாலேயே ‘நிறுத்து’ என்று தட்டினார். அது நின்றது. அடுத்த கணம் பட்டியலில் அது இல்லை. அதன் வேலையைப் புதிய பெட்டியிடம் ஒப்படைத்தார்.

மின்சாரம் இரண்டு இருபதுக்குத்தான் போனது.

அது திரும்பி வந்து சர்வரும் எழுந்தபோது மணி நாலேகால். முதலில் வந்தது ஒரு தாயும் மூன்று வயதுப் பெண் குழந்தையும். விரல் நுனியில் எடுத்த ரத்தம், கால் மணி நேரத்தில் ரிப்போர்ட். கவுன்ட்டர் அக்கா தாளை எடுத்து மேலிருந்து கீழாகப் படித்தார். சிவப்பு எதுவும் இல்லை. பொறுங்க மூச்சு விட்டதைப் பக்கத்து மேசைவரை கேட்க முடிந்தது.

“அண்ணா,” என்றார் அக்கா. “ரத்தம் எடுத்தது காலைல பதினொண்ணுன்னு போட்டிருக்கு.”

“காலைல நாங்க வீட்ல இருந்தோமே,” என்றார் தாய். “இவ தூங்கிட்டிருந்தா.”

பொறுங்க தாளை வாங்கிப் பார்த்தார். அந்த ஆயிரத்துச் சொச்சம் ஊர்ப் பெயர்கள் எதற்கென்று அப்போது புரிந்தது. எந்த ஊரில் இப்போது மணி என்ன என்று பெட்டிக்குச் சொல்பவை அவைதான்; அவை இல்லாவிட்டால் பெட்டி நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தையே காட்டும். அவரே, பத்து மாதத்துக்கு முன், நான்கு வினாடியில் உள்ளே இறக்கியவை.

“பொறுங்க,” என்றார்.

அவர் விரல்கள் பெட்டிக்குள் நுழையும் கமாண்டைப் பழக்கத்தில் தட்டி முடித்திருந்தன. என்டர் பொத்தானுக்கு மேல் சுண்டுவிரல் நின்றது. பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். செய்முறைக் கோப்பைத் திறந்து அறுபத்திரண்டாவது வரியை எழுதினார்.

“எவ்ளோ நேரம்ணா ஆகும்?” என்று அக்கா கேட்டார். அதற்குள் வரிசையில் ஆறு பேர் சேர்ந்திருந்தார்கள்.

“நாலு நிமிஷம்.”

“முன்னாடியெல்லாம் சட்டுனு முடிச்சிடுவீங்க.”

“ஆமாம்மா.”

மேலாளர் தன் அறையிலிருந்து வந்து பொறுங்கவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். இருவரும் திரையில் வரிகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை பஞ்சு ஒட்டிய விரலை எல்லோருக்கும் காட்டியது. வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கவுன்ட்டரைப் பார்த்தார். யாரும் கிளம்பிப் போகவில்லை.

புது ரிப்போர்ட் வந்தது. ரத்தம் எடுத்த நேரம் மாலை நாலரை. அக்கா அதை உறையில் போட்டுத் தாயிடம் கொடுத்தார். பொறுங்க காலையில் வைத்த தேநீரை எடுத்துப் பார்த்தார், ஆடை படர்ந்திருந்தது, குடித்தார்.