லேப்டாப் குடித்த கஞ்சி

எனக்கும் என் மூத்த ஓரகத்திக்கும் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. வீடு என்னவோ ஒன்றுதான். பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் நடுவில் ஒரு நடையை விட்டு வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் அவள் தறியும் அடுப்பும், இந்தப் பக்கம் என் அடுப்பும் லேப்டாப்பும். வாசல் ஒன்று, குழாய் ஒன்று.

பேச்சு கிடையாது என்றால் வாயைத் திறப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நடைச் சுவரிடம் சொல்வாள். நான் தண்ணீர்க் குடத்திடம் சொல்வேன்.

"யாரோ கொழாய மூடாமப் போய்ட்டாங்க" என்று சுவருக்குச் சேதி போகும்.

"மூடி அரை மணி ஆவுது, கண்ணுதான் தெரியல" என்று குடத்துக்குப் பதில் போகும்.

என் வீட்டுக்காரர் இதற்கு ஒன்று சொல்வார்: "ரெண்டு பேரும் பேசிப் பேசியே செவுறு தேஞ்சிப் போச்சு." இந்த மாதிரி யார் எது சொன்னாலும் நான் மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். நல்லதை மட்டும் முடிந்திருந்தால் தேவலை.

சண்டை ஒரு காதுகுத்தில் ஆரம்பித்தது. நான் தறியை விட்டு இறங்கி, செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் சேலைக்கு டிசைன் போடக் கற்றுக்கொண்டிருந்த நேரம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பந்தியில் இருக்கும்போது அவள் சத்தமாகச் சொன்னாள்: "எங்க வூட்ல ஒருத்தி தறியத் தலை முழுகிட்டு பொட்டியக் கட்டிக்கினா."

நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் கையால் கட்டம் போட்டு வரைந்து நெய்த மயில் சேலையைத்தான் அன்றைக்கு ஒருத்தி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "அக்கா நெய்ஞ்ச மயிலப் பாருங்க, கறிக்கோழி மாதிரி அரை கிலோ போடுங்கன்னு கேக்கலாம் போல இருக்குது" என்றேன். பந்தியே சிரித்தது. அவள் பாதி இலையில் எழுந்து போனாள். அவளை நான் 'அக்கா' என்று சொன்னது அதுதான் கடைசி.

இப்படி இருக்கும்போது ஜவுளி முதலாளி வந்து ஒரு கல்யாணச் சேலையை எங்கள் இருவர் தலையிலும் சேர்த்துக் கட்டினார். டிசைன் நான் போட வேண்டும், நெசவு அவள். அதுவரைக்கும் நான் அடுத்தவர் டிசைனில் ஒட்டும் திருத்தமும் போட்டவள்தான். முழுச் சேலை, என் சொந்தக் கற்பனையில், இதுதான் முதல். கரை நெடுக மயில் கேட்டிருந்தார். வேறு எதையாவது கேட்டிருக்கக் கூடாதா?

"வெள்ளிக்கெழம அட்டை அடிக்கிற கடைக்கு டிசைன் போயிடணும்மா. இல்லன்னா பழைய மாங்கா டிசைனையே போட்டுக்கறேன். அப்பறம் என்னைக் கேக்காத" என்றார். கம்ப்யூட்டரில் இருப்பதை அந்தக் கடையில்தான் ஓட்டை போட்ட அட்டைகளாக அடித்துத் தருவார்கள். அந்த அட்டையைத் தறிக்கு மேலே கோத்தால்தான் எந்த நூல் எப்போது எழும்ப வேண்டும் என்று தறிக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை. அந்தச் சேலையின் பாவுக்குத்தான் கஞ்சி போடுகிற நாள். பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நீர்த்த அரிசிக் கஞ்சியைத் தடவிக் காயவைப்போம். இல்லாவிட்டால் நெய்யும்போது இழை இழையாய் அறுந்துவிடும். அவள் கஞ்சி வாளியை நடையில் வைத்துவிட்டுத் தெருவுக்குப் போயிருந்தாள். என் பக்கத்து ப்ளக்கில் பொறி பறக்கிறதென்று நான் லேப்டாப்பை நடையில் ஒரு பாய் மேல் வைத்து சார்ஜ் போட்டிருந்தேன். அதிகாலையிலிருந்து உட்கார்ந்து மயிலுக்குக் கால் வரைந்து முடித்திருந்தேன். முந்தின நாள் வரைந்த கால் பிடிக்காமல் அன்றைக்கே அழித்துவிட்டு, இன்று புதிதாகப் போட்டது. அந்தத் திருப்தியில் சாம்பார் தாளிக்க அடுப்படிக்கு எழுந்து போனேன்.

கடுகு வெடிக்கும்போது, தெருவிலிருந்து திரும்பியவள் சுவரிடம் சொன்னது கேட்டது.

"வாளி ஓட்ட போல. கஞ்சி ஓடிக்கினு இருக்குது. கீழ கம்ப்யூட்டர் இருக்குது."

ஒவ்வொரு எழுத்தும் என் காதில் விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம் இப்படித்தான் "யார் துணியோ மழையில நனையுது" என்று சுவரிடம் சொன்னாள். நான் மாடிக்கு ஓடினேன். ஒரு தூறல்கூட இல்லை. கீழே அவள் தறியில் உட்கார்ந்து சிரித்தது மாடிவரைக்கும் கேட்டது. அதுவும் போக, என் பொருளுக்கு ஆபத்தென்றால் என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? சுவரைக் கூப்பிட்டால் சுவர் போகட்டும். கறிவேப்பிலையை நிதானமாக உருவிப் போட்டேன். பெருங்காயமும் போட்டேன்.

வெளியே வந்து பார்த்தபோது பாய் முழுக்கக் கஞ்சி. லேப்டாப் அதில் அரை விரல் முழுகி உட்கார்ந்திருந்தது. அடியில் காற்றுப் போகிற ஓட்டை வழியாக நன்றாகக் குடித்திருக்க வேண்டும். அவள் இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கையால் தூக்கி மேலே வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சேவ் பண்ணிவிடலாம் என்று மடியில் தூக்கி வைத்து அழுத்தினேன். ஒருமுறை, இரண்டுமுறை. உள்ளே ஏதோ பொரிகிற சத்தம். திரை கறுத்தது. மறுபடி ஆன் பண்ணும் பொத்தானை அழுத்தினேன்.

"மொதல்ல ஒயரப் புடுங்கினா தேவல" என்றாள் சுவரிடம்.

பிடுங்கினேன். பிடுங்கிய கையோடு குடத்திடம் கத்தினேன்: "நின்னு வேடிக்கை பாக்கறதுக்கு ரெண்டு கையி!"

"தொட்டா, தொட்டுதான் கெட்டுதுன்னு ஊரக் கூட்டுவாங்க. கையி எங்கூட்டு தறிக்கு வேணும்."

சத்தம் கேட்டுத் தெருவிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்தார். "அரிசியில போடு! நம்ம வாத்தியார் போனு கெணத்துல விழுந்தப்ப அரிசியிலதான் போட்டாரு" என்று அரிசி ட்ரம்மைத் திறந்தார். லேப்டாப்பைக் குத்தி நிறுத்தி, புதையலைப் புதைப்பது மாதிரி இரண்டு பேரும் அரிசியை அள்ளி மூடினோம்.

இப்போது அவள் சுவரைக்கூட விட்டுவிட்டு வாளியிடம் சொன்னாள்: "கஞ்சியே அரிசியிலருந்து வந்துது. திரும்ப அது ஆத்தா வூட்டுக்கே அனுப்பறாங்க." பிறகு இன்னும் சத்தமாக: "கஞ்சியக் காயவுட்டா கல்லு மாதிரி புடிச்சிக்கும். ஈரத்துலயே கழுவினாதான் போவும். நூலுக்கும் அதான், எதுக்கும் அதான்."

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. கரண்ட் சாமானைக் கழுவ வேண்டுமாம்! மிச்சம் இருக்கிற உயிரையும் எடுக்கப் பார்க்கிறாள் என்றுதான் தோன்றியது. "கழுவறவங்க அவங்க மூஞ்சியக் கழுவட்டும்" என்று குடத்திடம் சொல்லிவிட்டு ட்ரம் மூடியை அறைந்து சாத்தினேன்.

புதன் முழுக்க அரிசியில் இருந்தது. அந்த ட்ரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சமைக்க அரிசிகூடப் பக்கத்துக் கடையில் வாங்கினேன். வியாழக்கிழமை எடுத்து ஆன் பண்ணினேன். ஒரு விளக்குகூட எரியவில்லை. நாளைக்கு வெள்ளி.

பையில் போட்டு, டவுன் பஸ் பிடித்துச் செவிலிமேட்டில் இருக்கும் ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றி அடித்தட்டைத் தூக்கினார். தூக்கியதும் மேசை மேல் அரிசி கொட்டியது.

"இன்னாமா இது? பொங்கல் வெக்கப் போனியா, ரிப்பேருக்கு வந்தியா?"

"ஈரம் இழுக்கும்னு..."

"எந்த ஈரத்தையும் இழுக்காது. இங்கப் பாரு." உள்ளே அப்பளம் மாதிரி வெள்ளையாக ஒரு ஏடு படிந்து வெடித்திருந்தது. "கொட்டினதும் ஒயரப் புடுங்கி, பேட்டரியக் கழட்டி, ஆன் பண்ணாம அப்பவே எடுத்துக்கினு வந்திருக்கணும். எத்தினி வாட்டி ஆன் பண்ண?"

நான் மேசையில் கொட்டிய அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அவர் ஒரு பாட்டிலைத் திறந்து, ஸ்பிரிட் வாசனை அடிக்கிற ஒரு திரவத்தைப் பல் விளக்கும் பிரஷ்ஷில் தொட்டு, உள்ளே இருந்ததைக் கழுவ ஆரம்பித்தார்.

"கழுவறீங்களா?" என்றேன்.

"கஞ்சிமா. கழுவாம கொஞ்சுவாங்களா?"

எனக்கு அவர் மேல்கூடக் கோபம் வந்தது. நியாயம் அவள் பக்கம் இருப்பதைவிட என் லேப்டாப் செத்திருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரு நொடிதான்.

போர்டு பிழைக்கவில்லை. ஆனால் சேமித்ததெல்லாம் இருக்கும் சின்னப் பலகை தனி. அதை மட்டும் உருவி, துடைத்து, வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினார். "மிஷின் போய்டுச்சு. உன் சரக்கு இருக்குது, எடுத்துக்கோ" என்று ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். என் டிசைன் இருந்தது. முந்தி, உடல், கரை, எல்லாம் இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியதில் எதையும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை கடை திறக்குமுன் அட்டை அடிக்கிற கடை வாசலில் நின்றேன். மறுவாரம் அட்டைகள் வீட்டுக்கு வந்து அவள் தறிக்கு மேலே ஏறின. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, அதே அடுப்பு, அதே கடுகு. நடைச் சுவரிடம் அவள் குரல் வந்தது.

"மயிலுக்குக் காலு இல்ல. வரைஞ்சவங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மூன்று வருடமாகக் கால் வைக்காத அவள் தறிக்கூடத்துக்குள் மூச்சிரைக்க நின்றேன். அரக்குப் பட்டில் ஒரு சாண் நெசவு ஏறியிருந்தது. ஜரிகை மயில்கள் தோகையோடும் கொண்டையோடும் அழகாக இருந்தன. வயிற்றுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அந்தரத்தில் மிதந்தன. அன்று காலை வரைந்த கால்கள் சேவ் ஆகவே இல்லை. எனக்குக் கிடைத்தது முந்தின நாள், கால்களை அழித்த பிறகு சேவ் பண்ணியது.

அவள் பேசாமல் நெய்துகொண்டே போயிருக்கலாம். முழுச் சேலையும் என் பேரில் நொண்டியாகியிருக்கும். காதுகுத்துப் பந்தியைவிடப் பெரிய பந்தி சிரித்திருக்கும்.

"அட்டைக் கடைக் கம்ப்யூட்டர்லயே காலப் போட்டு, அடுத்த வாரம் புது அட்டை வந்துடும்" என்றேன் தறியிடம்.

அவள் நிமிரவில்லை. குறுக்கு நூல் ஓட்டுவதற்காகக் கையில் பிடித்திருந்த நாடாவிடம் சொன்னாள்: "ஒரு சாணும் பிரிக்கணும். ரெண்டு நாள் வேலை பாழு." ஒரு இழையைப் பிரித்தாள். இன்னொரு இழை. பிறகு மெதுவாக, மூன்று வருடம் வைத்திருந்ததை எடுத்தாள்: "அரை கிலோ போடச் சொன்னா, காலு இல்லாமப் போட்டுக் குடுத்துட்டாங்க."

சுடச்சுட ஒரு பதில் என் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் மூக்கைச் சுளித்தாள்.

"யார் வூட்லயோ தாளிப்பு தீயுது" என்றாள் நாடாவிடம்.

ஓடினேன்.