வார்க்காரம்மாவின் பெயரட்டை

என் அக்காவைச் சங்கத்தில் எல்லோரும் வார்க்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடப் பைக்கு வார் தைக்க ஆரம்பித்தவள், படிப்படியாக ஏறி, ராணுவத்தின் கவச உடுப்புக்கு வார் தைக்கும் இடத்துக்கு வந்தாள். அந்த உடுப்பின் முதுகில், கழுத்துக்குக் கீழே ஒரு வார் இருக்கும். அடிபட்டு விழுந்தவரைக் கூட வந்தவர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதற்காக. எங்கள் பட்டறையில் தைக்கும் பெண்களுக்கும், வண்டியும் வெளிவேலையும் பார்க்கும் எனக்கும் அந்த ஒரு வாரை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

பாதுகாப்புத் தளவாடம் செய்கிறவர்களின் சங்கம் அது. உடுப்பு விவகாரங்களுக்கென்று அதில் ஓர் உறுப்பினர் ஆலோசனைக் குழு. குழு ஒருமனதாகச் சொன்னால் அமைச்சகம் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒருமனது வரும் விதம்தான் வேடிக்கை. தலைவர் “மறுப்பு உண்டா?” என்று கேட்பார். யாரும் பேசாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம். பேச நினைப்பவர் தன் முன்னால் கிடக்கும் பெயரட்டையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். பெரிய கம்பெனிக்காரர்களுக்கு அது கனமான மரப்பலகை. எங்களைப் போன்ற சுண்டைக்காய்களுக்கு மடித்த காகித அட்டை. மின்விசிறி போட்டால் படுத்துவிடும், படுத்துவிட்டால் பேச வாய்ப்பில்லை.

“வார்க்காரம்மா அட்டை மறுபடியும் மயக்கம் போட்டுடுச்சு” என்பார் துணைத்தலைவர். அவர் பாராசூட் செய்கிறவர், சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார். அக்காவும் கூடச் சிரிப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நான் அவளுக்கு மாற்று உறுப்பினர். பெயர்தான் பெத்த பெயர். சுவரோர நாற்காலியில் உட்காரலாம், பேசக் கூடாது, மேசையைத் தொடக் கூடாது.

அன்றைய கூட்டத்தில் ஒரே ஒரு பெரிய விஷயம். உடுப்பைத் தண்ணீரில் ஊறவைத்து இழுத்துப் பார்க்கும் சோதனை தேவையில்லை என்று அமைச்சகத்துக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். அதைக் கொண்டுவந்தவர் குழுத்தலைவர். கவச உடுப்பு செய்யும் பெரிய கம்பெனி அவருடையது. எங்கள் வாரை வாங்கும் ஒரே ஆளும் அவர்தான்.

அவருக்கு அந்தச் சோதனை ஏன் கசந்தது என்று எங்களுக்குத் தெரியும். எடை குறைய வேண்டும் என்று அவர் கேட்டதால் இந்த வருஷம் வாரைக் கவ்விப் பிடிக்கும் பக்கிளை மாற்றியிருந்தோம். பழைய பக்கிளுக்கு வாங்கிய சான்றிதழை வைத்தே முதல் தொகுதி உடுப்புகள் ராணுவத்துக்குப் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் அக்காவுக்குச் சந்தேகம் வந்து, துணி துவைக்கும் தொட்டியில் உடுப்பை ஊறவைத்து, அதற்குள் மணல் மூட்டையைக் கட்டி என்னை இழுக்கச் சொன்னாள். இழுத்தேன். வார் பக்கிளிலிருந்து வழுக்கிக்கொண்டு கையோடு வந்தது. மூட்டை கிடந்த இடத்திலேயே கிடந்தது. தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னோம். அவர் பக்கிளை மாற்றவில்லை, சோதனையை மாற்றப் பார்த்தார்.

“அக்கா, இன்னிக்கு வாயத் திறக்காத. சோதனை போச்சுன்னா நமக்கும்தான் நல்லது” என்றேன் வண்டியில்.

“பாக்கலாம்.”

அவளுடைய ‘பாக்கலாம்’ பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். அத்தானை விட்டுவிட்டு வந்த காலையிலும் அவள் அதைத்தான் சொன்னாள்.

தலைவர் படித்து முடித்தார். “மறுப்பு உண்டா?”

அக்கா அட்டையை நிறுத்தினாள். அது விழுவதற்குள் பேசியும் விட்டாள். “எங்க வாரு நனைஞ்சா வழுக்குது. நானே ஊறவெச்சுப் பாத்தேன். சோதனைய எடுக்கக் கூடாது.”

தலைவர் நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினார். “இது உங்க பொருள் சம்பந்தப்பட்டது. சொந்த லாபநஷ்டம் இருக்கறவங்க வெளிய போயிடணும், அவங்க சொன்னதும் கணக்குல வராது. விதி அப்படி.”

“தாராளமா போறேன் சார். ஆனா அந்த வார வாங்கறது நீங்கதானே? வாங்க, சேந்தே போவோம்.”

யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். விதியைச் சொன்னவர் விதியை மீற முடியாது. தலைவர் எழுந்தார். ஒரே பட்டறை என்பதால் நானும் பின்னாலேயே போனேன். கதவு மூடிக்கொண்டது.

தாழ்வாரத்தில் நாங்கள் மூன்று பேர், சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள், ஒரு தண்ணீர்க் குடுவை. அக்கா மீது எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளுக்கென்ன, ஊசியும் நூலும் இருந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்வாள். நாளைக்குத் தையல்காரப் பெண்களின் முகத்தை யார் பார்ப்பது?

தலைவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஒரு குவளைத் தண்ணீர் பிடித்து அக்காவிடம் நீட்டினார். அதுதான் பயமாக இருந்தது.

“சரிம்மா. சோதனை இருந்துட்டுப் போகட்டும். பக்கிள மாத்துங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கறேன். ஆர்டர் உங்களுக்குத்தான், எழுதியே தர்றேன்.” குரலைத் தாழ்த்தினார். “ஏற்கெனவே போனதப் பத்தி மட்டும் மூச்சு விடாதீங்க. திரும்பி வந்துச்சுன்னா என் கம்பெனியும் தாங்காது, உங்க பட்டறையும் இருக்காது.”

அக்கா தண்ணீரைக் குடித்தாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. ‘அப்பாடா, தப்பித்தோம்’ என்று வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

துணைத்தலைவர் கதவைத் திறந்தார். “உள்ள வாங்க. சோதனை இருக்கட்டும்னு முடிவாயிடுச்சு.”

எல்லோரும் உட்கார்ந்தோம். கடைசியில் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும், வேறு ஏதாவது உண்டா என்று. அதற்கு யாரும் வாய் திறந்ததே இல்லை. அந்த நேரத்தில் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம்தான் கேட்கும்.

“வேற ஏதாவது உண்டா?” தலைவர் அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார்.

அக்கா அட்டையை நிறுத்தினாள். அது சாய்ந்தது. மறுபடி நிறுத்தினாள். அவள் வாய் திறப்பதற்குள் அட்டை மறுபடியும் விழுந்தது. இந்த முறை மயக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

“இல்லைன்னா முடிச்சுக்கலாம்” என்றார் தலைவர் அவசரமாக.

தொட்டியடியில் கிடந்த மூட்டை என் கண்ணுக்குள் வந்தது. கையோடு வந்த வாரும். மூட்டைக்குக் கை கால் முளைத்து, அது சேற்றில் கிடந்து என்னைப் பார்த்தது. நான் எழுந்து போய், மேசையில் கிடந்த அட்டையைத் தூக்கி நிறுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, நீங்க மேசையத் தொடக் கூடாது.”

நான் பேசவில்லை. பேசக் கூடாது என்பதும் விதிதானே.

“அட்டை நிக்குது தலைவரே” என்றார் பாராசூட்காரர். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

அக்கா ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து நின்று சொன்னாள்.

“ஏற்கெனவே போயிருக்கிற உடுப்பையெல்லாம் திருப்பி வாங்கணும். அதுல இருக்கறது என் வாரு.”