ஈரக்காலுக்கு ஏற்ற தரை

எங்கள் அப்பா அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் பணிவான வணக்கம். மேடையேறி வாதிடப் பழகியவள் நான். எதிரணி எத்துணை வலியதாயினும், சொன்ன சொல்லை நான் திரும்பப் பெற்றதில்லை. இக்கட்டுரையில் ஒரு சொல்லைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. அதற்கு முன் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கட்டுமாவடியில், கடலுக்குப் போகும் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக மீன் விற்றார். திருமணத்துக்குப் பின் இலுப்பூரில் சிறிய மீன்கடை ஒன்றை வைத்தார். மாலையில் மிஞ்சிய மீனை மறுநாள் விற்பனைக்கு வைக்க மாட்டார். தனியாக வாழும் முதியவர் யாருக்கேனும் கொடுத்தனுப்பிவிடுவார். நாளெல்லாம் ஐஸ் உருகிய நீரில் நின்ற கால்கள் அவருடையவை. எவ்வளவு துடைத்துவிட்டு வந்தாலும், வாசலிலிருந்து கூடம் வரை நீளும் எங்கள் வீட்டு நடையில் அவருடைய பாதத்தடம் ஈரமாக விழும். அம்மா கையில் துணியோடு பின்னாலேயே வருவார்.

அந்த நடையின் சிமெண்டுத் தரை பெயர்ந்துபோனது. புதிதாக எதைப் பதிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ்தான் வேண்டும் என்று நான் வாதிட்டேன். என் பரிசுக் கோப்பைகளை அடுக்கியிருந்தது அந்த நடைச் சுவரில்தான். கல்லூரித் தோழியர் முதலில் காண்பதும் அதைத்தான். காரணங்களை அடுக்கி முடித்ததும் அப்பா கைதட்டினார்.

“நல்லாப் பேசுற ஆத்தா” என்றார். என்னை அவர் ஆத்தா என்றே அழைப்பார். வெற்றி எனதென்று நம்பினேன்.

புதுக்கோட்டையில் டைல்ஸ் கடைக்குப் போனோம். நான் காட்டியதைக் குனிந்து தடவிப் பார்த்த அப்பா, விற்பனையாளரிடம், “தம்பி, ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்றார்.

“குடிக்கவாங்க?”

“இல்லங்க, இதுல ஊத்தி நடந்து பாக்கணும்.”

“இப்படி யாரும் கேட்டதில்லைங்களே, ஐயா.”

“நான் கேக்குறேன்ல. செருப்பக் கழட்டிட்டுத்தான் ஏறுவேன், பயப்படாதீங்க.”

படகில் புதுப் பலகை போட்டால் ஈரக்காலால் மிதித்துப் பார்த்த பிறகே அதை நம்புவது அப்பா குடும்பத்தின் வழக்கம். அந்த வழக்கத்தை அவர் டைல்ஸ் கடைக்கும் கொண்டுவந்தார். ஒவ்வொன்றாக நனைத்து நடந்தார். வந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். கடைசியில் அவர் கால் ஊன்றி நின்றது, கார் நிறுத்துமிடத்தில் பதிக்கும் சொரசொரப்பான சாம்பல்நிறப் பார்க்கிங் டைல்ஸின்மேல். வீட்டுக்கு வந்து இறங்கியதும் அதுதான்.

பதிக்கும் நாளில் சித்தப்பா வந்தார். “என்னண்ணே, நடையில கார் விடப் போறீகளா?” என்றார்.

“வாங்குனா எங்கிட்டு நிப்பாட்டுறதுன்னு கவலை இல்லைல” என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். நான், கொத்தனாரும் கேட்கும்படி, “வீட்டையும் மீன்கடையா ஆக்கிட்டீங்கப்பா” என்றேன்.

சிரிப்பு நின்றது. அப்பா கொத்தனார் பக்கம் திரும்பி, “நீங்க கலவையப் போடுங்க” என்றார். அதன்பின் ஒருநாளும் அவர் அதை எனக்கு நினைவூட்டவில்லை. நானும் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவில்லை.

இதய நோய்க்காக மருத்துவமனையில் தங்கித் திரும்பியபின் அப்பா கடைக்குப் போவது நின்றது. மருத்துவர் நடக்கச் சொன்னதால், காலையும் மாலையும் சுவரைத் தொட்டபடி அந்த நடையில் நடந்தார். நான் பேச்சுக்குப் பயிற்சி எடுப்பதும் அங்கேதான். ஒதுங்கி வழிவிட்டால், “நீ பாட்டுக்குப் பேசு ஆத்தா, நான் ஓரமாப் போயிக்கிறேன்” என்பார். அப்போது அவர் கால்கள் காய்ந்திருந்தன; தரையில் தடம் விழவில்லை. துடைக்க ஒன்றுமில்லாமல் அம்மா அடுப்படியில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்த எனக்கு, அவரை நிறுத்தி ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் மறைந்த நாளில் விடாத மழை. பந்தலில் வைக்க இயலாமல் அவரைக் கூடத்திலேயே கிடத்தியிருந்தோம். அவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்து வந்தவர்களின் குடங்கள் நடையெங்கும் தளும்பின. மழையில் நனைந்த அத்தனை பேரும் அந்தத் தரையின்மேல் வந்து போனார்கள். பின்னர் அப்பாவைத் தூக்கினார்கள். முன்னால் தோள் கொடுத்த சித்தப்பா, வாசற்படியைத் தாண்டும்போது தாழ்ந்த குரலில் சொன்னார்: “அண்ணே, யாருக்கும் வழுக்கலண்ணே.”

அன்று தோள் கொடுத்தவர்களுக்கும், மழையிலும் சமைத்துப் பரிமாறிய அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனையில் மாற்றி மாற்றித் துணையிருந்தவர்களுக்கும், இன்றுவரை அம்மாவைத் தனியே விடாத உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பா, அன்று ஏளனமாகச் சொன்ன அந்தச் சொல்லை, அதைக் கேட்டவர்கள் முன்னிலையிலேயே திரும்பப் பெறுகிறேன்.

இது மீன்கடைக்காரர் வீடு. இன்று நினைவு வழிபாட்டுக்கு வரும் நீங்கள், வாசலில் கால் கழுவிய ஈரத்தோடே உள்ளே வாருங்கள். துடைக்க வேண்டாம்.